இனிப்பு நீர்க்காரரோடு கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு: தோட்டம் முதல் டயாலிசிஸ் வரை முழுமையான வழிகாட்டி

இது இனிப்பு நீர் (நீரிழிவு) நோயாளியோடு கூடப் போகிறவருக்காக எழுதியது. மகள், மருமகன், பக்கத்து வீட்டுத் தம்பி, கோயில் கமிட்டி ஆள் என்று யாராக இருந்தாலும் சரி. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற தோட்டப் பட்டணங்களில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 31.4 விழுக்காடு. அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). மருந்தும் அதில் அடக்கம். அப்படியும் நம்மவர்கள் காலில் புண் அழுகிய பிறகோ கிட்னி கெட்ட பிறகோதான் வந்து சேர்கிறார்கள். அந்த 1 வெள்ளி யாரையும் தடுத்து நான் பார்த்ததில்லை. போகிற ஒரு நாள் சம்பளம், கையில் இல்லாத ஒரு தாள், போகாமல் விட்ட இரண்டாவது அப்பாயின்மென்ட், புரியாமல் தலையாட்டிய ஒரு பதில் ஆகியவைதான் தடுக்கின்றன. ஆகவே படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். 1, 2, 3 மூன்றையும் முடிக்காமல் நேரே 4க்குப் போகிறவர்கள்தான் பாதியில் நின்றுபோகிறார்கள்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

கிளினிக்குக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றைப் போடுங்கள்: அடையாளக் கார்டும் அதன் நகல் சிலவும், கணவன் அல்லது மனைவியின் கார்டு நகல், எஸ்டிஆர் உதவித்தொகை கிடைப்பதற்கான ஆதாரம், சம்பளச் சீட்டு, வீட்டிலிருக்கும் பழைய மருந்து உறைகள், தோட்டத்து டிரஸ்ஸரோ (மருத்துவ உதவியாளர்) தனியார் டாக்டரோ எழுதிக்கொடுத்த எந்தக் காகிதமாக இருந்தாலும் அதுவும்.

பழைய உறைகளைக் குப்பை என்று வீசிவிடுவார்கள், வீச விடாதீர்கள். நோயாளி “வெள்ளை மாத்திரை, கொஞ்சம் பெருசா இருக்கும்” என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. உறையில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும்.

அடையாளக் கார்டின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் குடிமகன், சிக்கல் இல்லை. சிவப்போ பச்சையோ என்றாலும், கார்டே இல்லை என்றாலும், கட்டணம் என்ன ஆகும் என்பதைப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குடிமக்கள் அல்லாதவருக்கு வெளிநோயாளர் கட்டணம் 40 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 120 வெள்ளி. இதை கவுன்டரில்தான் முதல்முறையாகக் கேட்கிறார் என்றால் அந்த ஆள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார், மறுபடி வரமாட்டார்.

இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, கார்டு மட்டும் சரியாக இல்லாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் கார்டின் நகல், தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், தோட்டத்தில் வேலை செய்த பதிவு எல்லாவற்றையும் ஃபைலில் சேருங்கள். ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) வேலை நீண்ட வேலை. அது முடியட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் கூடவே நடக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: அசல் தாள்களையே பையில் போட்டுக்கொண்டு அலைவது. அசலை வீட்டில் வையுங்கள். அடையாளக் கார்டு மட்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும்.

2. ஒரு நாள் சம்பளத்துக்கு வழி பாருங்கள்

ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் வேலைக்குப் போகாத நாள் என்பது வருமானம் இல்லாத நாள். இதற்கு வழி சொல்லாமல் “உடம்பைப் பார்த்துக்கங்க” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டுக்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வராத நாளாகவே கணக்கு வைப்பார்கள்.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. கிளினிக்கில் தொடர் பரிசோதனைக்குப் போனால் பெரும்பாலும் எம்சி தரமாட்டார்கள், வந்து போன நேரத்தைக் குறித்த டைம் ஸ்லிப்தான் தருவார்கள். டைம் ஸ்லிப்புக்குச் சம்பள விடுப்பு கிடையாது. ஆகவே அப்பாயின்மென்ட் தேதி தெரிந்த அன்றே கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) போய்ச் சொல்லி, வருடாந்திர விடுப்பாகவோ ஓய்வு நாள் மாற்றாகவோ எழுதச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வாய்மொழியாகச் சொன்னால் மறுநாள் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பு) அவர் மறந்துபோயிருப்பார்.

தோட்டத்துக்கென்று நிர்வாகம் நியமித்த பேனல் டாக்டர் இருந்தால், அரசாங்க கிளினிக் எம்சியை ஏற்பார்களா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

காண்டிராக்ட் ஆட்களுக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். சட்டம் அவர்களுக்கும் உண்டு, ஆனால் முதலாளி யார் என்பதே பலருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சீட்டே தரவில்லை என்றால் அடுத்த படிதான் மிக முக்கியம்.

3. சொக்சோ கணக்கை இப்போதே பாருங்கள்

இதை டயாலிசிஸ் பகுதியில் சொல்லாமல் ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், டயாலிசிஸ் வரும்போது பார்த்தால் நேரம் போயிருக்கும்.

வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. அதற்குத் தகுதி பெற்றவருக்கு ஹீமோடயாலிசிஸ் வசதியும் சொக்சோ தருகிறது. ஆனால் 60 வயது ஆவதற்கு முன்பே விண்ணப்பம் சொக்சோவின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முழுத் தகுதிக்கு, விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

தோட்டத்தில் நடப்பது என்ன? 55 வயதில் தோட்டம் ஆளைக் காண்டிராக்டரிடம் தள்ளிவிடுகிறது. காண்டிராக்டர் சந்தா கட்டுவதில்லை. சில வருடம் ஓடிவிடுகிறது. 58 வயதில் கிட்னி கெடும்போது அந்த 40 மாதக் கணக்கில் ஓட்டை. குறைந்த தகுதி என்று இன்னொரு வழி இருக்கிறது, அதற்கும் பழைய சந்தாப் பதிவுதான் அடிப்படை.

ஆகவே இனிப்பு நீர் என்று தெரிந்த உடனே, கிட்னி நன்றாக இருக்கும்போதே, அடையாளக் கார்டோடு ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போய்ச் சந்தாப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போன மாதங்கள் இருந்தால் சம்பளச் சீட்டைக் காட்டி அங்கேயே புகார் கொடுங்கள். சந்தா கட்டுவது முதலாளியின் கடமை, தொழிலாளி தயவு கேட்க வேண்டியதில்லை.

ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை முதலில் தொட வேண்டாம். அதை எடுத்துச் செலவழித்துவிட்டு அப்புறம் சொக்சோவுக்கு வருகிற குடும்பங்கள் நிறைய. கிடைக்க வேண்டியது வேறு இடத்தில் கிடைக்கும்போது சேமிப்பை ஏன் கரைக்க வேண்டும்?

4. முதல் பரிசோதனை: இரண்டு தடவை போக வேண்டும்

40 வயதும் அதற்கு மேலும் ஆன எஸ்டிஆர் பெறுநருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எஸ்டிஆர் பெயர் பட்டியலில் இருந்தால் போதும். திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் செய்யலாம், அரசாங்க கிளினிக்கிலும் செய்யலாம். சொக்சோ சந்தாதாரருக்கு 40 வயதில் தனிப் பரிசோதனைத் திட்டமும் உண்டு. எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

பெக்கா பரிசோதனை இரண்டு வருகை. முதல் நாள் உடலைப் பார்த்து ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். முடிவு சொல்வது இரண்டாவது நாள். முதல் நாளோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். “ஒன்னும் போன் பண்ணல, அப்ப நல்லாதான் இருக்கும்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் வருகை முடிந்து கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டாவது வருகையின் தேதியை வாங்கி உங்கள் கைப்பேசியில் போடுங்கள். நோயாளியின் கைப்பேசியில் மட்டும் போட்டால் போதாது.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதாக இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். சீனி போடாத காப்பி ஓவும் (பால் இல்லாத காப்பி) கூடாது. ஏற்கெனவே இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் அன்று காலை அதை எடுக்காமல் கையில் கொண்டுவர வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பசியாறாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி அங்கேயே மயங்கி விழுவார். ரத்தம் எடுத்த கையோடு சாப்பிட, ஒரு டப்பாவில் இட்லியோ ரொட்டியோ கொண்டுபோங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று முந்தின தடவையே நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

“ஆளு ஒல்லி, இனிப்பு நீர் வராது” என்பதை நம்பாதீர்கள். மலேசிய அளவுப்படி உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை. நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்புதான் உண்மை சொல்லும்: ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்த பால்வெட்டுத் தொழிலாளியை முதலில் அனுப்புங்கள்.

5. அரசாங்க கிளினிக்கில் பதிவும் பச்சைப் புத்தகமும்

தனியார் டாக்டர் இனிப்பு நீர் என்று சொன்னால் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து இது. தனியாரிடம் மாதாமாதம் வாங்கினால் கஷ்ட மாதத்தில் முதலில் நிற்பது மருந்துதான்.

பதிவானதும் இனிப்பு நீர்ப் பதிவுப் புத்தகம் தருவார்கள், பச்சை நிறத்தில் இருக்கும். அதுதான் நோயாளியின் வரலாறு. ஒவ்வொரு தடவையும் வெளியே வருவதற்கு முன் அதைத் திறந்து இவற்றைப் பாருங்கள்.

எச்பிஏ1சி: கடந்த 3 மாதச் சர்க்கரையின் சராசரி. பெரும்பாலானவர்களுக்கு 6.5 அல்லது 7க்குள் வைக்கப் பார்ப்பார்கள். வயதானவருக்குத் தளர்த்துவார்கள். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து டாக்டரை ஏமாற்றுகிறவர்களை இது பிடித்துவிடும்.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின்: கிட்னி எப்படி இருக்கிறது என்பதற்கு. வருடத்துக்கு ஒரு தடவையாவது.

கண் படம், கால் பரிசோதனை: இவையும் வருடத்துக்கு ஒரு தடவை. கூட்டம் அதிகமான கிளினிக்கில் விட்டுப்போவது இவை இரண்டும்தான். புத்தகத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நர்ஸிடம் காட்டிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் அடுத்த வருடம்.

மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் அப்பாயின்மென்ட் போடலாம். ஆனால் நோயாளியின் கணக்கு பேரனின் பழைய கைப்பேசியில் இருக்கும், கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. முதல் வருகைக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள்.

6. டாக்டர் அறைக்குள்

தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார் பலருக்கு மலாய் சந்தைக்குப் போதும், டாக்டரிடம் பேசப் போதாது. அவர்கள் எல்லாவற்றுக்கும் “யா, யா” என்பார்கள். “மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா” என்ற கேள்விக்கும் அதே “யா”. டாக்டர் அதை நம்பி, மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் பாட்டி உண்மையாகவே எல்லா மாத்திரையையும் சாப்பிடுவார், சர்க்கரை பாதாளத்துக்குப் போகும்.

அதனால் கூடப் போங்கள். உள்ளே நுழைந்ததும் “நான் மகள், மொழிபெயர்க்க வந்திருக்கிறேன்” என்று மலாயில் சொல்லிவிடுங்கள். அப்புறம் நோயாளியைப் பேச விடுங்கள். கூட வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நோயாளிக்குப் பதில் தாங்களே பேசுவது. “அம்மா ஒழுங்காத்தான் சாப்பிடறாங்க டாக்டர்” என்று கௌரவத்துக்குச் சொல்லும் மகனை நிறையப் பார்த்தாயிற்று. அம்மா மூன்று மாதமாக மாத்திரையைப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார்.

முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாத்திரையை எத்தனை நாள் விட்டார், ஏன் விட்டார், இரவில் எத்தனை தடவை சிறுநீர், காலில் மரத்துப்போகிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார். மலாயில் மரத்துப்போவதற்கு ‘கெபாஸ்’, கிட்னிக்கு ‘புவா பிங்காங்’, சாப்பாட்டுக்கு முன் ‘செபெலும் மாக்கான்’, பின் ‘செலெபாஸ் மாக்கான்’. இந்த நான்கும் தெரிந்தால் பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

சாராயம், பியர் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வையுங்கள். ஆண் நோயாளி மகள் முன்னால் சொல்லமாட்டார். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஒரு நிமிடம் வெளியே நிற்பது நல்லது.

‘வேறு மருந்து’ என்பதில் கடையில் வாங்கும் மூட்டுவலிப் பொடி, ஜாமு (மலாய் மூலிகை மருந்து), வாட்ஸப்பில் விற்கும் இனிப்பு நீர்ச் சூரணம் எல்லாம் அடங்கும். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், சில வலி மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். பொட்டலத்தில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் சாப்பிட வேண்டாம். பொட்டலத்தையே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று ஒளிக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை.

7. மருந்து வீட்டுக்கு வந்த பிறகு

அடுத்தடுத்த மாத மருந்தை வாங்கக் கிளினிக்குக்குத் திரும்பப் போவதுதான் நிறையப் பேர் விட்டுவிடும் இடம். மருந்துக் கவுன்டரில் எஸ்பியுபி கேளுங்கள். ஈப்போவில் எழுதிய மருந்தை உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கிலேயே வாங்க அது வழி செய்யும். தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. ஆனால் லயத்து (தோட்டக் குடியிருப்பு) முகவரிக்குத் தபால் ஒழுங்காக வருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தோட்ட ஆபீசில் தபால் தேங்கும் இடமென்றால் எஸ்பியுபிதான் நல்லது. நோயாளி வராமல் நீங்களே வாங்கலாம், மருந்துச் சீட்டும் அவருடைய கார்டும் கையில் இருக்கட்டும்.

இன்சுலின்: திறக்காததை ஐஸ்பெட்டியில் வையுங்கள், ஐஸ் கட்டும் பகுதியில் வேண்டாம், உறைந்தால் கெட்டுவிடும். திறந்த இன்சுலின் பேனாவை வெளியில் வைத்தால் பொதுவாக 4 வாரம் தாங்கும், ஆனால் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னல் வெயிலில், மோட்டார்சைக்கிள் பெட்டியில் வேண்டாம். திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

விரதம்: தைப்பூசத்துக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருக்கப் போகிறவர் அதற்கு முந்தைய அப்பாயின்மென்ட்டிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தளவை மாற்றித் தருவார். சொல்லாமல் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பிடுவது ஆபத்து. முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். காவடி எடுப்பவர், கூட நடப்பவர் இருவருமே வெறுங்காலில் சூடான தாரில் நடப்பதைப் பற்றியும் கேளுங்கள். கால் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது.

கால்: செம்பனைத் தோட்டத்தில் இதுதான் ஆளை அழிக்கிறது. மட்டை முள் பூட்ஸைத் துளைத்து உள்ளே போனால் கால் மரத்தவருக்கு வலிக்காது. இரவு காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. மூன்று பழக்கம் போதும்: பூட்ஸைப் போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, தினமும் மாலை வேறொருவர் பாதத்தின் அடியைப் பார்ப்பது, முள் குத்தினால் சுண்ணாம்பு மஞ்சள் வைக்காமல் மறுநாளே டிரஸ்ஸரிடமோ கிளினிக்கிலோ காட்டுவது. விரல் கறுத்தாலோ வாடை வந்தாலோ அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

8. ஈப்போவுக்கு அனுப்பினால்

சுங்கை சிப்புட் மருத்துவமனை சிறியது. கிட்னி நிபுணர், கண் அறுவை, ரத்தக்குழாய் அறுவை என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள்.

கடிதம் அரசாங்க கிளினிக்கிலிருந்து வாங்குங்கள். அரசாங்கக் கடிதத்தோடு போனால் முதல் நிபுணர் வருகைக்குக் கட்டணமில்லை, பிறகு 5 வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் முதல் வருகை 30 வெள்ளி. அந்தக் கடிதம் வெறும் காகிதம்தான், நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துத் தேதி வாங்கினால்தான் வரிசையில் சேருவீர்கள். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு “கூப்பிடுவாங்க” என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தேதி வாங்கும்போதே காலை நேரத்தைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து ஈப்போ, பஸ்ஸை நம்பினால் 8 மணி அப்பாயின்மென்ட்டுக்குப் போய்ச்சேர முடியாது. ஒரே தோட்டத்து நோயாளிகள் இருவர் மூவருக்கு ஒரே நாள் கேட்டு, ஒரே காடியில் (கார்) போனால் செலவு குறையும்.

9. கிட்னி எண் இறங்கும்போது

ரத்த முடிவில் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் இருக்கும். அது 30க்குக் கீழே போனாலோ வேகமாகச் சரிந்தாலோ கிட்னி நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். கிளினிக் தானாக எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலானோர் அப்பாயின்மென்ட்டையே நிறுத்திவிடுகிறார்கள். போகாவிட்டால் வராது என்று ஒரு கணக்கு. பிறகு ஒருநாள் மூச்சு முட்டி நடு இரவில் ஆம்புலன்ஸில் போய், கழுத்தில் குழாய் போட்டு, எந்த ஏற்பாடும் இல்லாமல் தொடங்குவார்கள். முன்கூட்டியே தெரிந்தவருக்கு இது வேறு மாதிரி நடக்கும்.

முதலில் முறை. வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் மையத்தில் உட்காரும் ஹீமோடயாலிசிஸ் ஒன்று. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே தினமும் சுமார் 4 தடவை திரவம் மாற்றும் சிஏபிடி இன்னொன்று. மையம் தூரமாக இருக்கும் தோட்டத்துக்கு சிஏபிடியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சுத்தமான அறை, கை கழுவத் தண்ணீர், கற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் அடிக்கடி நிற்கும் லயத்தில் நான் சிஏபிடியைச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது கை. ஹீமோடயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்புச் செய்ய வேண்டும். அது பழுக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், ஆகவே முன்னாலேயே செய்ய வேண்டும். நோயாளி எந்தக் கையால் வெட்டுகிறார், எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், மற்ற கையில் செய்யப் பார்ப்பார். அந்தக் கையில் இனி ரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ கனமான மூட்டை தூக்கவோ கூடாது. நர்ஸ் மறந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது பணம். இந்த வரிசையில் கேளுங்கள். 60க்குக் கீழே என்றால் சொக்சோ. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு அதற்கடுத்து. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூக நலத்துறை உதவி இரண்டுக்கும் அவர்கள்தான் வாசல். பிறகு தேசிய சிறுநீரக அறவாரியம் போன்ற தொண்டு மையங்கள். மித்ரா (இந்தியச் சமுதாயத்துக்கான அரசாங்கப் பிரிவு) 2023இல் ஏழை இந்திய நோயாளிகளுக்கு டயாலிசிஸ் மானியம் கொடுத்தது. நடப்பு ஆண்டில் திறந்திருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். எல்லா இடத்திலும் கேட்கப்படுவது அதே தாள்கள்தான். முதல் படியில் சொன்ன ஃபைல் கையில் இருந்தால் ஒரே நாளில் இரண்டு மூன்று விண்ணப்பம் போட்டுவிடலாம்.

பேஸ்புக்கில் படம் போட்டு நிதி திரட்டுவதைக் கடைசியில் வையுங்கள். முதல் சில மாதம் பணம் வரும், டயாலிசிஸ் வருடக்கணக்கில் போகும்.

10. கவுன்டரில் மரியாதை குறைந்தால்

இதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஊழியர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் “உங்க ஆளுங்களே இப்படித்தான், குடிச்சிட்டு வருவீங்க” என்ற வார்த்தையை எங்கோ ஓரிடத்தில் கேட்க நேரிடும். அதைக் கேட்ட நோயாளி மறுபடி அந்த வாசலை மிதிக்கமாட்டார். இந்தச் சேதம் எந்தப் பதிவிலும் வராது.

அந்த இடத்தில் கத்தாதீர்கள். அன்றைய வேலையை முதலில் முடியுங்கள்: ரத்தம், மருந்து, அடுத்த தேதி. சண்டை போட்டுவிட்டு மருந்தில்லாமல் திரும்பினால் நஷ்டம் நமக்கே. வெளியே வந்ததும் தேதி, நேரம், கவுன்டர் எண், பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். ஆஸ்பத்திரி என்றால் பொது உறவுப் பிரிவில் கொடுக்கலாம், கிளினிக் என்றால் சுகாதார அமைச்சின் இணையப் புகார் முறையில் பதியலாம். புகார் மலாயில், அரைப் பக்கத்துக்குள், வசவு இல்லாமல் இருக்கட்டும். புகார் எண்ணைப் பச்சைப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வையுங்கள்.

அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு நோயாளி வர மறுத்தால், முந்தின மாலை வீட்டுக்கே போய் உட்காருங்கள். காலை எத்தனை மணிக்கு காடி வரும் என்று சொல்லுங்கள். ஃபைலையும் பச்சைப் புத்தகத்தையும் அப்போதே நீங்கள் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.